பின்சீட்டு இல்லாத வண்டி

தினமும் ஓட்டுன வண்டிதானுங்க தம்பி. பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது? இந்த மாதிரி வண்டியெல்லாம் துணி போட்டு மூடி வெச்சு, ஞாயித்துக்கிழமையானா தொடைச்சுப் பாக்கறதுன்னு சொல்றீங்க. உங்க மெட்ராஸ்ல அப்படி இருக்கலாம். எங்கூட்டுல இதுலதான் மாட்டுக்குப் புண்ணாக்கு வந்துது, பருத்திக்கொட்டை வந்துது, ரேசன் அரிசி வந்துது. நம்பலீன்னா அந்த மிதியடிக்குக் கீழ கையை விட்டுப் பாருங்க. பருத்திக்கொட்டை ரெண்டு இன்னும் கெடக்கும். மாட்டை வித்து எத்தனையோ வருசமாச்சு, கொட்டை மட்டும் போகமாட்டேங்குது.

குனிஞ்சு குனிஞ்சு பேசாதீங்க, இடுப்பு புடிச்சுக்கும். அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க. நான் இந்தச் சீட்டுலயே இருக்கறேன். எனக்கு இதுதான் வசதி. வாங்க வந்தவரு வெளிய, காரு சொந்தக்காரி உள்ள. முறைப்படிதானுங்களே இருக்குது.

எம்பையன் என்ன சொன்னான்? 'அம்மா சரின்னு ஒரு வார்த்தை சொல்லீட்டா எடுத்துக்கங்க'ன்னானா? சொல்லீட்டு அவன் எங்க போனான்? லேத்து ஷெட்டுக்குள்ள பூந்துட்டானா? அவங்கப்பன் மாதிரியே. சங்கடமான பேச்சு வந்தா அவரும் ஏதாச்சும் ஒரு போல்ட்டைத் தேடிக்கிட்டு ஷெட்டுக்குள்ள போயிருவாரு. அந்த ஷெட்டுல இத்தனை போல்ட்டு இருக்கறதுக்குக் காரணமே எங்கூட்டுச் சண்டைதானுங்க.

நான் விக்கவேண்டாமுன்னு சொல்லலை. அதை மொதல்ல மனசுல வெச்சுக்கங்க. வண்டி எம்பேர்ல இருக்குது, அதனால எங்கிட்ட கேக்கறான். விக்கட்டும். நான் என்ன இதைத் தலைல வெச்சுக்கிட்டா போகப்போறேன்? விசயம் தெரிஞ்சு வாங்குங்கன்னுதான் சொல்றேன்.

இது வந்த கதை தெரியுங்களா? எங்க மாமியா ஒரு காரு வேணுமுன்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. நோம்பி நொடிக்கு ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போகோணும், பஸ்ஸுல ஏறி எறங்கினா கௌரவமில்லைன்னு. 'நாலு பேரு உக்கார்றாப்புல ஒரு காரு வாங்கிட்டு வாடா'ன்னு எங்கூட்டுக்காரரை அனுப்புனாங்க. இவரு போனாரு. ஒரு மில்லு மொதலாளியோட பையன், ரேஸு விட்டுக்கிட்டிருந்தவன், அவனுக்குக் கல்யாணமாச்சு, பொண்ணூட்டுக்காரங்க ரேஸெல்லாம் ஆகாதுன்னுட்டாங்க. அவன் வித்த வண்டி இது. இவரு போயி மூடியைத் திறந்து இஞ்சினைப் பாத்தாரு, அவ்வளவுதான். சீட்டை எண்ணிப் பாக்கறதுக்கு மறந்துட்டாரு.

கொண்டாந்து வாசல்ல நிறுத்துனாரு பாருங்க. செகப்பா, தாழ, தரையோட தரையா. ஊரே வந்து நிக்குது. எங்க மாமியா ஒரு சுத்து சுத்தி வந்தாங்க.

'பின்சீட்டு எங்கடா?'

'இதுல பின்சீட்டு வராதும்மா.'

'வராதுன்னா? பொறகு வாங்கி மாட்டிக்கலாமா?'

'இல்லம்மா. ரெண்டே சீட்டுதான்.'

எங்க மாமியா சீட்டைப் பாத்தாங்க. அப்பறம் என்னையப் பாத்தாங்க. நான் அப்பப் புதுப்பொண்ணு, மஞ்சக்கயிறு நெறம் மாறலை. 'சரி, ரெண்டு பேருக்கு ரெண்டு போதும்'னு சொல்லீட்டுக் கதவைத் திறந்து உக்காந்துக்கிட்டாங்க. முடிஞ்சுதுங்க கணக்கு. அன்னைக்கு உக்காந்தவங்கதான்.

எங்கூட்டுக்காரரைக் குத்தம் சொல்லக்கூடாது. 'துளசி, நீ பஸ்ஸுல வந்துரு, நான் அங்க பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கறேன்'பாரு. நின்னாருங்க. ஒரு நாள் தவறாம வந்து நின்னாரு. அந்த நேர்மை அவருக்கு இருந்துது. இவங்க முன்னால ஜம்முனு போயிருவாங்க, நான் பின்னால தூக்குப்போசியோட டவுன் பஸ்ஸுல. எங்க போனாலும் அப்படித்தான். ஒரு கண்ணாலத்துல ஒரு அம்மா எங்க மாமியாளைப் பாத்து, 'உங்க பையனுக்கு இன்னும் பொண்ணு அமையலீங்களா'ன்னு கேட்டுப்போட்டாங்க. எங்க மாமியா சிரிச்சாங்க. நான் அப்பத்தான் பஸ்ஸை விட்டு எறங்கி உள்ள வர்றேன்.

எந்தம்பி கண்ணாலத்தைக் கேளுங்க. எங்க பக்கம் இணைச்சீருன்னு ஒண்ணு உண்டு, உங்களுக்குத் தெரியாது. கண்ணாலத்துக்கு முந்தின நாள் பொழுதோட, மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ வந்து நின்னு, கூறைச்சேலையோட முனையைப் புடிச்சுச் சீரு பண்ணோணும். அவ இல்லாம ஒண்ணும் நடக்காது. தம்பிக்கு அக்கா நான் ஒருத்திதான். ரெண்டு நாளு முன்னாலயே போயிருக்கோணும். 'மாட்டுக்குத் தண்ணி ஆரு காட்டறது'ன்னு எங்க மாமியா விடலை. அன்னைக்கு மத்தியானம்தான் பொறப்பட்டோம். அவங்க கார்ல, நான் காங்கயம் பஸ்ஸுல.

அங்க கார் சத்தம் கேட்டதும் 'அக்கா வந்துட்டா'ன்னு மேளத்தை அடிக்கச் சொல்லீட்டாங்க. எங்க சின்னாத்தா ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடறாங்க. இவரு ஒரு பக்கம் எறங்கறாரு. இன்னொரு பக்கம் கதவு திறக்குது, எங்க மாமியா எறங்கறாங்க. ஆரத்தி எடுக்கறதா வேண்டாமான்னு சின்னாத்தா கையு அந்தரத்துல நிக்குது. மேளக்காரன் பாதியில நிறுத்தறான்.

'துளசி எங்கீங்க?'

'பின்னால வர்றா.'

'பின்னாலன்னா?'

'பஸ்ஸுல.'

சீரு பண்ணி வைக்கற அருமைக்காரரு இருக்கறாரு, மாப்பிள்ளை நிக்கறான், வெளக்கு எரியுது, சேலை மடிச்சு வெச்சிருக்குது. முனையைப் புடிக்க ஆளில்லை. பஸ்ஸு பல்லடத்துல டீக்கு நின்னு, அப்பறம் ஒரு டயரு போயி, நான் போயிச் சேர்றப்ப ஊரே கொட்டாவி விடுது. இதை எங்க மாமியா கடைசி வரைக்கும் எப்படிச் சொன்னாங்க தெரியுங்களா? 'எம்மருமவளுக்காகச் சீரையே நிறுத்தி வெச்சோம், அத்தனை மரியாதை அவளுக்கு'ன்னு.

அந்த பஸ்ஸுல உக்கார எடமில்லைங்க. நான் அப்ப முழுகாம இருந்தேன். எடம் குடுங்கன்னு கேக்கறதுக்கும் வெக்கம். அது தங்கலை. பஸ்ஸாலன்னு டாக்டரும் சொல்லலை, எங்க மாமியாளும் சொல்லலை. ரோடு அப்ப ரொம்ப மோசம். அதை விடுங்க. வாழைத்தாரு கதை சொல்றேன், கேளுங்க.

எங்க மாமியா மவ ஊட்டுக்குப் போயிருந்தாங்க. இவரு வந்து, 'துளசி, பொறப்படு, தோட்டத்துக்குப் போயிட்டு வரலாம்'னாரு. நான் பட்டுச்சேலையே கட்டிக்கிட்டேன், தோட்டத்துக்கு. போறப்ப இந்தச் சீட்டுலதான் போனேன். காத்து மூஞ்சியில அடிக்குது, எதுத்தாப்புல வர்ற லாரிச் சக்கரம் என் தலைக்கு மேல போகுது. பயம்தான். ஆனா எறங்கறதுக்கு மனசு வரலை. அங்க போனா நல்ல செவ்வாழைத் தாரு ஒண்ணு வெட்டி வெச்சிருக்கறாங்க. டிக்கியில வெச்சா நசுங்கீருமாம். இவரு யோசிச்சாரு. தாரைத் தூக்கி இந்தச் சீட்டுல நிறுத்தி, பெல்ட்டைப் போட்டு இழுத்துக் கட்டுனாரு. 'துளசி, பஸ்ஸு இப்ப வந்துரும், நான் நம்ம ஸ்டாப்புல வந்து நிக்கறேன்'னாரு. எனக்கு அந்த பெல்ட்டைப் போட்டுக்கச் சொல்லி அவரு சொன்னதே இல்லீங்க.

அந்தத் தாரு பழுத்தப்பறம் நான் ஒண்ணு கூடத் திங்கலை. கேட்டா வயித்துக்கு ஆகலைன்னேன்.

ரேடியேட்டரா? சூடாகுமுங்க. ஏன் ஆகாம? சிக்னல்ல நின்னாப் போதும், முள்ளு அப்படியே ஏறும். அதுக்குத்தான் காலடியில தண்ணி பாட்டலு. மேல் மூடித் துணி மழையில ஒழுகும், உள்ளயே குடை புடிச்சுக்கலாம். பழகீட்டா ஒண்ணும் தெரியாது. வெடியால சோக்கை இழுத்து வெச்சு, மூணாவது தரம் சாவியைத் திருப்புனா எடுக்கும். ரெண்டாவது தரமே எடுத்துதுன்னா அன்னைக்கு எங்கியோ நிக்கப்போகுதுன்னு அர்த்தம்.

சீட்டு எனக்கு எப்ப வந்துதுன்னு கேக்கறீங்களா? எங்க மாமியாளுக்கு முழங்கால் போச்சுங்க. இது தரையோட இருக்கற வண்டி பாருங்க, உக்கார்றது சுலுவு, தொப்புனு விழுந்தாப் போதும். எந்திரிக்கறதுதான் கஷ்டம். மொதல்ல இவரு ஒரு கையைப் புடிச்சாரு. அப்பறம் ரெண்டு கை. அப்பறம் நான் பஸ்ஸுல வந்து சேர்ற வரைக்கும் உள்ளயே உக்காந்திருப்பாங்க, ரெண்டு பேருமாச் சேந்து தூக்கோணுமுன்னு. ஒருக்கா ஒரு சாவு ஊட்டுல, எறங்க முடியாம, துக்கம் கேக்க வந்தவங்களெல்லாம் வரிசையா கார் சன்னல்ல வந்து இவங்க கையைத் தொட்டுட்டுப் போனாங்க. செத்தவங்க சம்சாரம் உள்ள தனியா உக்காந்திருக்குது. அதுக்கப்பறம் தானா நிறுத்திக்கிட்டாங்க. வயசானவங்களுக்கு எப்ப விட்டுக்குடுக்கோணுமுன்னு தெரியோணுமுங்க. அவங்களுக்குத் தெரியலை, முழங்கால் சொல்லித்தான் தெரிஞ்சுது.

மொத நாள் நான் உக்காந்தேன். எங்க போனோமுன்னு நெனைக்கறீங்க? ரேசன் கடைக்கு, மண்ணெண்ணெய் வாங்க. சீட்டுல எங்க மாமியா உக்காந்த பள்ளம் அப்படியே இருக்குது. நான் அப்ப ஒல்லி. அந்தப் பள்ளத்துல அங்கயும் இங்கயும் உருள்றேன். இப்பப் பாருங்க, எனக்குன்னே அளவெடுத்தாப்புல இருக்குது.

நான் எங்க மாமியா மாதிரி இல்லீங்க. சீட்டு வேணுமுன்னு ஒரு நாளும் கேட்டதில்லை. கேக்கறதுக்கு முன்னாலயே எம்பையன் தனபாலு கதவைத் திறந்து வெச்சிருவான். அவங்கப்பா போனப்பறம் அவன்தான் ஓட்டறான். கோயிலு, ரேசனு, எம்மவ ஊடு, கண்ணு ஆஸ்பத்திரி, எங்க போறதுன்னாலும் இதுலதான். மருமவ கோகிலா ஸ்கூட்டியில பின்னால வந்துருவா. அது எனக்காக இல்லீங்க. காத்து வாங்கிக்கிட்டு வர்றது அவளுக்குப் பிரியம். கண்ணாலமாகி வந்தப்பவே நான் கேட்டேன், 'அம்மிணி, நீ கார்ல வர்றியா, ஸ்கூட்டியில வர்றியா?'ன்னு. நான் அப்பக் கார்ல உக்காந்திருந்தேன். 'ஸ்கூட்டியில வர்றேங்கத்தை'ன்னா. அவளே சொன்னது. எங்களுக்குள்ள சண்டைன்னு ஒரு நாள் வந்ததில்லை. சண்டை போடோணுமுன்னா ஒரே வண்டியில போகோணுமில்லீங்க?

அவ வர்றது உதவியாவும் இருக்குது. பள்ளிக்கூடத்துக்கிட்ட வேகத்தடை போட்டிருக்கறாங்க பாருங்க, யானை படுத்தாப்புல. நேரா ஏத்துனா வண்டியோட வயிறு தட்டீரும். கோணையா ஏத்தோணும். கோகிலா ஸ்கூட்டியை ஓரமா நிறுத்தீட்டு, முன்னால வந்து நின்னு, 'இடது, இடது, இன்னும் கொஞ்சம், வாங்க'ன்னு கையைக் காட்டுவா. மந்திரிக்குப் போலீசுகாரரு வழி பண்றாப்புல இருக்கும். அப்பறம் போயிச் சேந்த எடத்துல என்னைய எறக்கறதுக்கும் ஆளு வேணும். தனபாலு ஒரு கை, அவ ஒரு கை. அந்தப் புள்ளைக்கு நல்ல தெம்பு. அவ சீக்கிரம் வந்து சேந்துட்டா எனக்கும் சீக்கிரம் எறங்கலாம். சிக்னல்ல மாட்டிக்கிட்டான்னா நான் உள்ள உக்காந்து ஆராச்சும் தெரிஞ்சவங்க வந்தா பேசிக்கிட்டிருப்பேன்.

ஆமாங்க, எனக்கும் முழங்கால் கொஞ்சம் அப்படித்தான். எங்க மாமியா அளவுக்கு இல்லை.

இப்ப எதுக்கு இந்த வித்துப்போடற பேச்சுன்னு கேட்டா, கோகிலா முழுகாம இருக்கறா. அஞ்சு மாசம். இவங்களுக்குக் கண்ணாலமே லேட்டு, அதுக்கப்பறம் இது தங்கறதுக்கும் லேட்டு. டாக்டரம்மா ஸ்கூட்டி ஆகாதுங்கறாங்க, பளு தூக்கக்கூடாதுங்கறாங்க. டாக்டருக்கென்னங்க, சொல்லீருவாங்க. தனபாலு சொல்றான், 'இதை வித்துட்டு நாலு கதவு வெச்ச வண்டி வாங்கலாம்மா, ரெண்டும் வெச்சுக்க நமக்கு வசதியில்லை'ன்னு. இல்லீன்னா கோகிலாவை இந்தச் சீட்டுல உக்காரச் சொல்லலாமுன்னான். தாராளமா உக்காரட்டுமுன்னேன். ஆனா நீங்களே பாருங்க தம்பி, வயித்தைத் தூக்கிக்கிட்டு இந்தக் குழிக்குள்ள ஒரு புள்ளைத்தாச்சி எறங்க முடியுங்களா? எறங்குனா எந்திரிக்க முடியுங்களா? அந்தப் புள்ளை நல்லதுக்குத்தான் நான் எடத்தை விடாம உக்காந்துக்கிட்டிருக்கறேன்.

இன்னைக்கு வெடியால ஆரோ மெட்ராஸ்ல இருந்து பாக்க வர்றாங்கன்னு காதுல விழுந்துது. சரி, எதுக்கும் ஒருக்கா உக்காந்து பாப்பமேன்னு நானா வந்து உக்காந்தேன். ஆரும் உக்கார வைக்கலை. அப்பறம் கோகிலாவைக் கூப்புட்டு, 'ஒரு கை புடி அம்மிணி'ன்னேன். தூரத்துலயே நின்னுக்கிட்டு, 'டாக்டரு பளு தூக்கக்கூடாதுன்னாங்கத்தை'ன்னா. மொகத்துல ஒண்ணும் காட்டலை, நல்ல புள்ளை. 'தனபாலு எங்க?'ன்னேன். 'போல்ட்டு தேடறாருங்கத்தை'ன்னா. அப்ப உக்காந்தவதான். நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு, பேச்சுத்தொணைக்கு ஆச்சு. எறங்க முடியாமன்னு நெனைச்சுக்காதீங்க. காரைப் பாக்க வந்தவருக்குக் காருக்குள்ள இருந்து சொன்னாத்தானே வெவரமா இருக்கும்.

உங்க காரு கேட்டுக்கு வெளிய நிக்குதே, அது நல்ல உசரம். கேக்கறேன்னு நெனைக்காதீங்க, அதுல எந்திரிக்காமயே அப்படியே எறங்கிக்கலாங்களா? காலை வெச்சா தரை வந்துருதா? முன்னால ரெண்டு, பின்னால மூணா? அப்ப முன்னால பெரியவங்க உக்காந்தா, பின்னால இருக்கறவங்க காலை நீட்டிக்கலாம். பரவால்லை. சும்மா கேட்டேன்.

இல்லீங்க, சரின்னு இன்னும் சொல்லலை. நீங்க ஒடனே ஃபோனை எடுக்காதீங்க. ஒரு வண்டிய ஒரு நாள்ல குடுக்கறதுன்னா…

அது ஆரு, கோகிலாவா? எங்க பொறப்பட்டுட்ட? ஆஸ்பத்திரிக்கா? இன்னைக்கா வரச்சொன்னாங்க? ஓ, நேத்தே சொன்னியா. நான் கார்ல உக்காந்திருக்கறேன்னு ஸ்கூட்டியில போறியா? போயிட்டு வா, வேகத்தடையில பாத்துப் போ. இந்தக் காரை ஏத்தறாப்புல கோணையா எல்லாம் ஏத்தாத, நேரா மெதுவா ஏத்து.

பாத்தீங்களா தம்பி, அவளா போறா. யாரும் சொல்லலை. அந்தத் தைரியம் எனக்கு அந்தக் காலத்துல இருந்திருந்தா நானும்…

ஏன் அம்மிணி படியில உக்காந்துட்ட?

கோகிலா. ஏன் உக்காந்துட்ட? வலிக்குதா?

ஒண்ணுமில்லையா. சும்மா இடுப்பு இழுத்துப் புடிக்குதா. ஒண்ணுமில்லைன்னு நானுந்தான் சொன்னேன். பல்லடத்துல அந்த பஸ்ஸு டயரை மாத்தற வரைக்கும் கேட்டவங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னேன்.

தம்பி, எந்திரிங்க. முக்காலியைத் தள்ளுங்க. ரெண்டு கையையும் குடுங்க. அப்படி இல்லீங்க, மணிக்கட்டைப் புடிங்க, விரலைப் புடிச்சா வழுக்கும். காலை அந்தக் கதவுக்கு முட்டுக் குடுத்துக்கங்க. ம். இன்னொரு தரம். முருகா. எங்க மாமியா கனத்துக்கு நான் எவ்வளவோ பரவால்லைம்பாரு எங்கூட்டுக்காரரு. ம், அவ்வளவுதான். வந்துட்டேன். விடுங்க, நிப்பேன்.

சரின்னு சொன்னனான்னா கேக்கறீங்க? எப்ப சொன்னேன்? எறங்குனேன், அவ்வளவுதான். எறங்குனதுக்கு அர்த்தம் நீங்களும் எம்பையனும் பேசி வெச்சுக்கங்க. அதெல்லாம் அப்பறம். இப்ப உங்க வண்டிச் சாவி கையில இருக்குதா? ஆஸ்பத்திரி ரொம்ப தூரமில்லை, நான் வழி சொல்றேன். நீங்க ஓட்டுங்க, நான் முன்னால உக்காந்துக்கறேன், அப்பத்தானே வழி சொல்ல முடியும். கோகிலா பின்னால தாராளமா காலை நீட்டிக்கட்டும். வேகத்தடைக்கு மெதுவாப் போங்க. உங்க வண்டி தட்டாதுன்னு எனக்குத் தெரியும், மெதுவாவே போங்க.

நீ எந்திரிக்காத, அம்மிணி. நான் வந்து கையைப் புடிக்கறேன். எனக்கென்ன பளுவா நீயி? அந்தத் தலைக்கவசத்தைக் கழட்டிக் கீழ வை.

டேய் தனபாலு. தனபாலு. போல்ட்டு கெடைச்சது போதும், வெளிய வா. கேட்டுக்கிட்ட ஸ்கூட்டி நிக்குது, அதை உள்ள கொண்டாந்து போடு. வெயில்ல சீட்டு காயுது.